உளி விழுந்த தாமரைக் காசு

எனக்கு எழுபத்தேழு வயது நடக்கிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். ஒருத்தி, என் கொழுந்தனார் என் கையில் கொடுத்துவிட்டுப் போன பெண். ஐந்து பேரில் யாரும் பசியோடு படுத்ததில்லை, யாரும் அடுத்தவர் பொருளைத் தொட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுத உட்கார்ந்தது ஒரு திருட்டுப் பட்டத்தைப் பற்றி. பட்டம் எனக்குக் கொடுத்தது. கொடுத்தவர் என் கூடப் பிறந்த அண்ணன்.

பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பு வரைதான் போனேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும், எனக்கு எங்கேயும் போகிற அவசரம் இல்லை.

எழுத்துக்கு முன்னால் நான் படித்தது காசைத்தான். கல்யாணமாகி எடப்பாடிப் பக்கம் வந்தபிறகு வாரச் சந்தைக்குக் கத்தரிக்காயும் அவரைக்காயும் கொண்டுபோய் விற்பேன். அந்தக் காலத்தில் காசுக்கு உருவம் கொடுத்தவன் எழுதப் படிக்கத் தெரியாதவளையும் ஓர் ஆளாக மதித்திருக்கிறான். அஞ்சு காசு சதுரம், மூலை மட்டும் மழுங்கியிருக்கும். பத்துக் காசுக்கு விளிம்பெல்லாம் வளைவு வளைவாக, பூ மாதிரி. மூணு காசுக்கு ஆறு மூலை. நாலணாவும் எட்டணாவும் வட்டம், ஒன்று சிறிசு, ஒன்று பெரிசு. மடியில் கையை விட்டால் விரலே சொல்லிவிடும், இது இன்னது என்று. பிறகு வந்தவர்கள் எல்லாவற்றையும் எவர்சில்வர் ஆக்கினார்கள், எல்லாவற்றையும் வட்டமாக்கினார்கள். பழைய ஒரு ரூபாயும் புது இரண்டு ரூபாயும் இன்றைக்கு ஒரே அளவு. "இது ஒத்த ரூவா, ஆயா" என்று மளிகைக்கடைப் பையன் என் கையிலேயே திருப்பி வைக்கும்போது பின்னால் நிற்கிறவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது எனக்குப் பழகிய பார்வை. ஏமாற்றப் பார்த்தாள் என்கிற பார்வை.

காசில் போடுகிற படமும் எனக்குப் பிடிபட்டதில்லை. ஒரு ரூபாயில் இரண்டு பக்கமும் கதிர் போட்டிருந்தார்கள். கோதுமைக் கதிர் என்றார்கள். எங்கள் காட்டில் சோளம் விளைந்தது, கம்பு விளைந்தது, நிலக்கடலை விளைந்தது. கோதுமையை நான் ரேஷன் கடைச் சாக்கில்தான் பார்த்திருக்கிறேன். நாலணாவில் ஒற்றைக் கொம்பன் ஒன்று நின்றது, காண்டாமிருகமாம். மேச்சேரி ஆட்டுக்கிடாயைப் போட்டிருந்தால் எங்கள் சனத்துக்கு அடையாளம் தெரிந்திருக்கும். எல்லாக் காசுக்கும் மறுபக்கம் சிங்கம். மூன்று முகம் தெரியும். என் பெரிய மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அம்மா, மொத்தம் நாலு சிங்கமாமா. ஒண்ணு பின்னாடி நிக்குதாமா" என்றான்.

"கண்ணுக்குத் தெரியாத சிங்கம் ஆருக்குக் காவலு?" என்று கேட்டேன். அவனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது.

இத்தனை காசிலும் எங்கள் சனம் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது ஒன்றைத்தான். தாமரை போட்ட இருபது காசு. அது வந்தபோது நான் புதுப்பெண். மற்றதெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஈயப் பாத்திரம் மாதிரி இருக்க, இது மட்டும் மஞ்சளாக, புளி போட்டுத் தேய்த்த விளக்கு மாதிரி மின்னியது. நடுவில் விரிந்த தாமரை. தாமரை என்றால் மகாலட்சுமி உட்காருகிற இடம். மஞ்சள் நிறமும் தாமரைப் பூவும் சேர்ந்து வந்தால் பெண்கள் சும்மா விடுவார்களா? யாரும் அதைச் செலவு செய்யவில்லை. கையில் வந்ததை மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்கள். நூற்றெட்டு சேர்த்து அர்ச்சனை செய்தால் வீட்டில் லட்சுமி தங்குவாள் என்று ஒரு பேச்சு. அதில் தங்கம் கலந்திருக்கிறது, சர்க்கார் தெரியாமல் கலந்துவிட்டது, அதனால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. முதல் பேச்சைப் பெண்கள் நம்பினார்கள். இரண்டாவதை ஆண்கள் நம்பினார்கள்.

என் அம்மா முதல் பேச்சைச் சேர்ந்தவள். புதுச்சத்திரத்துக்கு உள்ளே தள்ளியிருக்கிற ஊர் எங்களுடையது. அப்பா இறந்தபிறகு அம்மா அண்ணனோடு இருந்தாள். நிலம், வீடு, கிணறு எல்லாம் அண்ணனுக்கு. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். பால் ஊற்றுகிற இடத்திலும் முட்டை விற்கிற இடத்திலும் அம்மா தாமரைக் காசு இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு வாங்குவாள். வாங்கியதை ஒரு பித்தளைச் செம்பில் போட்டு, வாயை மஞ்சள் துணியால் கட்டி, சாமி அறைப் பலகையில் வைத்திருந்தாள். என் முன்னாலும் அண்ணன் முன்னாலும் பலமுறை சொல்லியிருக்கிறாள்: "மண்ணெல்லாம் அவனுக்கு. இந்தச் செம்பு என்ற மகளுக்கு."

நான் மூத்தவனை உண்டாகியிருந்தபோது அதிலிருந்து ஒரே ஒரு காசை எடுத்து என் முந்தானையில் முடிந்துவிட்டாள். "வயித்துப் புள்ளைக்குக் காவலா இருக்கட்டும் சாமி. மிச்சம் நான் போனதுக்கப்புறம் எடுத்துக்கோ" என்றாள். அந்த ஒரு காசை நான் அவிழ்த்ததே இல்லை. சேலை மாற்றும்போது முடிச்சை மாற்றிக் கட்டுவேன், அவ்வளவுதான்.

அம்மா படுக்கையில் விழுந்த கடைசி மாதம் நான்தான் போய் இருந்து பார்த்தேன். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, அந்தச் சாமி அறையை ஒட்டிய அறையில் அவள் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டேன். நான் போவதற்கு முன்பே அம்மாவுக்குக் கை தூக்க முடியாமல் போயிருந்தது. கருமாதி முடிந்த மத்தியானம், பங்காளிகள் எல்லாம் இலை எடுக்காமல் உட்கார்ந்திருக்கும்போதே, பெரியப்பா ஒருவர் செம்பை எடுத்துவரச் சொன்னார். கனமாகத்தான் இருந்தது. துணியை அவிழ்த்துக் கவிழ்த்தால் கூழாங்கல் கொட்டியது. மேலாக மஞ்சள் தூவிய கூழாங்கல்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அந்த நங்கைதான் முதலில் வாய் திறந்தாள். "ஒரு மாசமா அந்த அறைக்குள்ள படுத்துக் கெடந்தது நீதானே அம்மிணி? எங்களுக்குச் சோறாக்கவே நேரமில்லே."

"எனக்குன்னு சொன்ன பொருளை நானே எதுக்குத் திருடோணும்? இன்னைக்கு எப்படியும் என்ற கைக்குத்தானே வருது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். பொறுத்திருந்தா வந்திருக்குமே, எதுக்கு அவசரப்பட்டே?"

சிலர் சிரித்தார்கள். அம்மா கொடுத்தது இந்த ஒன்றுதான், இதைத் தவிர நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லை என்று சொல்லி முந்தானையை அவிழ்த்து அந்தக் காசைக் காட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நங்கை அதை வாங்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தாள்.

"பாத்துக்கோங்க. முந்தானையிலேயே ஒண்ணு இருக்குது. மிச்சம் எடப்பாடியில இருக்கும்."

அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் கூழாங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லீரு அம்மிணி. அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

அந்த வார்த்தையில்தான் நான் கருப்பணார் கோயிலுக்கு வரச் சொன்னேன். காசு வெட்டிப் போடலாம் என்றேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் சாட்சி இல்லாத வழக்கைப் போலீசுக்கும் கொண்டுபோக மாட்டோம், கோர்ட்டுக்கும் கொண்டுபோக மாட்டோம். இரண்டு தரப்பும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத் துணியோடு சாமி முன்னால் நின்று ஒரு காசை இரண்டாக வெட்டுவோம். யார் பக்கம் பொய்யோ அவர்களைச் சாமி பார்த்துக்கொள்ளும். அன்றிலிருந்து அந்த வீட்டுத் தண்ணீரை இந்த வீடு குடிக்காது. வாழ்வுக்கும் சாவுக்கும் போக்குவரத்து இல்லை. இரண்டு பேரும் ஒப்பி வந்து, அதே மாதிரிக் காசை முழுசாகப் பிடித்து உண்டியலில் போட்டால்தான் அது தீரும்.

கோயிலில் அண்ணன் மடியிலிருந்து ஓர் இருபது காசை எடுத்து வைத்தார். அதே பித்தளை, அதே அளவு. ஆனால் பூ இல்லை, தேசப்பிதா என்கிறார்களே, அந்தத் தாத்தாவின் படம் போட்டது. பூசாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தக் கெழவரையா வெட்டச் சொல்றீங்க? அவரு ஒருக்கா பட்டது பத்தாதுங்களா? எந்தக் காசுக்கு வழக்கோ அந்தக் காசைக் கொண்டாங்க."

அங்கே இருந்த தாமரைக் காசு, நங்கையிடமிருந்து திரும்ப வாங்கி நான் முந்தானையில் முடிந்திருந்த ஒன்றுதான். கொடுத்தேன். பூசாரி அதைக் கல்லின்மேல் வைத்தார். சிங்கம் மேலே இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருப்பி வைத்தார். "சிங்கத்து மேல உளி வெக்கப்படாது, அது சர்க்கார் முத்திரை. பூ மேலாப்பல இருக்கட்டும்" என்றார். சர்க்காருக்கு இருந்த பயம் மகாலட்சுமிக்கு இல்லை. ஆண்பிள்ளை என்று சுத்தியலை அண்ணன் கையில் கொடுத்தார்கள். முதல் அடியில் உளி வழுக்கியது. இரண்டாவது அடியில் தாமரை நடுவாக்கில் பிளந்தது. ஒரு துண்டைக் கிழக்கே எறிந்தார்கள், ஒரு துண்டை மேற்கே எறிந்தார்கள். என் அம்மா எனக்கென்று கொடுத்ததில் என் கைக்கு வந்தது அது ஒன்றுதான். அதையும் நானே வெட்டக் கொடுத்துவிட்டு ஈரச் சேலையோடு பஸ் ஏறினேன்.

சாமி பார்த்துக்கொள்ளும் என்றேன் அல்லவா? ஊர் பார்த்துக்கொண்டே இருந்தது, சாமி யாரைப் பார்க்கிறது என்று. மூன்றாம் வருடம் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். "பாத்தியா, கருப்பணார் கேட்டுட்டாரு" என்று எங்கள் ஊரில் சொன்னார்களாம். அண்ணனுக்கு அதே வருடம் கிணற்றில் ஊற்றுக் கண் திறந்தது. பிறகு ஒரு லாரி வாங்கினார், பிறகு இன்னொன்று. ரோட்டை அகலப்படுத்தும்போது அவர் காடு ரோட்டோரத்துக் காடாகிவிட்டது. ஒவ்வொன்றும் என்மேல் எழுதின தீர்ப்பு. ஐந்து பிள்ளைகளையும் கத்தரிக்காய் விற்றுத்தான் கரையேற்றினேன். அதுவும் தண்டனை என்று அவர்கள் கணக்கில் சேர்ந்தது.

எங்கள் சனத்தில் எழுதிங்கள் சீர் என்று ஒன்று உண்டு. பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி வந்து தங்கைக்குச் செய்ய வேண்டியது. அது ஆகாதவள் தன் பிள்ளைகள் கல்யாணத்தில் சீர்த் தட்டைத் தொடக் கூடாது. எனக்கு யார் செய்வது? ஐந்து கல்யாணத்திலும் நான் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். என் பங்காளி வீட்டுப் பெண்கள் என் மகள்களுக்குச் சீர் செய்தார்கள். தாய்மாமன் உட்காரும் இடத்தில் ஒன்றுவிட்ட ஒருவரை உட்கார வைத்தோம். சம்பந்தி வீட்டார் ஏன் என்று கேட்பார்கள். யாராவது காதோடு காதாகச் சொல்வார்கள். உடனே அவர்கள் பார்வை என் முந்தானைக்குப் போகும்.

அதையெல்லாம் பொறுத்தேன். பொறுக்காத ஒன்று, என் பெரிய மகன் ஒருநாள் கேட்டது. அவனுக்கே அப்போது இரண்டு பிள்ளைகள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமல், "ஏம்மா, ஒரு கஷ்டத்துக்கு எடுத்திருந்தாலும் தப்பில்லீங்க. நெசமாலுமே நீங்க எடுக்கலீங்களா?" என்றான். நான் வட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு அவனுக்கு மோர் ஊற்றவில்லை.

போன தை மாதம் அண்ணன் மகன் காரில் வந்தான். அவனை நான் கைக்குழந்தையாகப் பார்த்தது. தலை நரைத்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். காசு வெட்டின வீடாயிற்றே.

"அத்தை, அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோச்சுங்க. நாளைக் கடத்தறாரு. உங்களைப் பாக்கோணும்ங்கறாரு. காசைத் தீத்துடலாம்ங்கறாரு."

"உங்கம்மா என்ன சொல்றா?"

"அம்மா போயி நாலு வருசம் ஆச்சுங்களே அத்தை."

அதுகூட எனக்குச் சொல்லப்படவில்லை. நான் சேலையை மாற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் கட்டிலில் சுருண்டு கிடந்தார். அந்தச் சுத்தியல் பிடித்த கை துணி மாதிரித் தொங்கியது. மகனை வெளியே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். பேச்சு குழறியது, ஆனால் எனக்குப் புரிந்தது.

"அம்மிணி, அந்தச் செம்பு... நாந்தான்."

அவரே ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து இழுத்துச் சொன்னார். அம்மா படுத்த உடனே எடுத்துவிட்டாராம். கிணற்றில் போர் போட ரிக் வண்டிக்காரனுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருந்ததாம். தாமரைக் காசில் தங்கம் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னதை நம்பி, மடியில் கட்டிக்கொண்டு சேலத்தில் ஓர் ஆசாரியிடம் போனாராம். ஆசாரி ஒன்றைக் கல்லில் உரைத்துப் பார்த்தார், இன்னொன்றைத் திராவகத்தில் போட்டுப் பார்த்தார். பிறகு கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாராம். "கவுண்டரே, இதுல இருக்கறது பித்தளைதான். டீக்கடையில குடுங்க, இருபது காசுக்கு இருபது காசு கெடைக்கும்" என்றாராம்.

"அந்தக் காசைத் திருப்பிச் செம்புல போட்டிருக்கலாமே?"

"அதைப் பாத்தாலே ஆசாரி சிரிச்சதுதான் காதுல கேட்டுது. வாற வழியில திருமணிமுத்தாத்துப் பாலத்துல எறங்கித் தண்ணியில வீசிட்டேன். பக்கத்துல நின்னவன், 'என்ன வேண்டுதலுங்க'ன்னு கேட்டான்."

அந்த ஆற்றை இப்போது பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஓடுவது சாக்கடையும் சாயத் தண்ணீரும்தான் என்று. என் அம்மாவின் மகாலட்சுமியெல்லாம் அதற்குள் கிடக்கிறாள்.

"கல்லு?"

"அம்மா எடை பாக்கும்னு போட்டேன்."

"கையே தூக்க முடியாதவ எடை பாப்பாளா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் விடவில்லை. "பொய்யின்னு தெரிஞ்சுட்டே உளி மேல அடிச்சயே, பயமா இல்லையா உனக்கு?"

"சாமி கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்னு நெனச்சேன். ஊரு சிரிக்குமே அம்மிணி. பித்தளையைத் தங்கம்னு கொண்டு போனவன்னு பேரு வெச்சிருக்கும்."

"எனக்குத் திருடின்னு பேரு வெச்சுதே?"

அவர் கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அது அழுகையா, அந்த நோயில் தானாக வழிவதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கேள்வியை வேறு எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. கடைசியில் அவரே சொன்னார். "கோயில்ல வெச்சுச் சொல்லீர்றேன். எல்லாரு முன்னாடியும் சொல்லீர்றேன். நீ வந்து காசைப் புடி."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன். சமாதானத்துக்காகப் போனேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது அவர் வாயால் வருகிற ஒரு வாக்கியம். என் பிள்ளைகள் காதில் விழ வேண்டும் என்று ஐந்து பேரையும் வரச் சொன்னேன். மூன்று பேர் வந்தார்கள். பெரியவன் வந்தான்.

பழைய பூசாரியின் மகன்தான் இப்போது பூசாரி. அதே மாதிரிக் காசு வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு காலத்தில் எல்லாச் சாமி அறையிலும் கிடந்த காசு, இப்போது தேடினால் கிடைக்கவில்லை. அண்ணன் மகன் செல்போனில் தேடி, பழங்காசு விற்கிற யாரிடமோ விலை கொடுத்து வரவழைத்திருந்தான். பிளாஸ்டிக் உறைக்குள் ஒற்றைத் தாமரை. எனக்கு அதைத் தொடவே கூச்சமாக இருந்தது.

அண்ணனைக் காரிலிருந்து நாற்காலியோடு தூக்கிவந்து இறக்கினார்கள். பங்காளிகள், ஊர்க்காரர்கள், செல்போனில் படம் பிடிக்கிற இளவட்டங்கள் என்று கூட்டம் சேர்ந்திருந்தது. பூசாரி காசை ஓர் இலையில் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்.

"மனசுல இருக்கறதச் சொல்லீட்டுக் காசைப் புடிங்க. பெரியவரு முதல்ல."

அண்ணன் நல்ல கையால் காசின் ஓர் ஓரத்தைப் பிடித்தார். நான் மறு ஓரத்தைப் பிடித்தேன். அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார். மகனுக்குப் பின்னால் நிற்கிற பேரன்களைப் பார்த்தார். படம் பிடிக்கிற செல்போன்களைப் பார்த்தார்.

"போனது போகட்டும்" என்றார். அன்றைக்குப் பார்த்து அந்தப் பேச்சில் குழறலே இல்லை. "என்ன இருந்தாலும் ஒரே வயித்துல பொறந்தவ."

அவ்வளவுதான். இன்னும் வரும் என்று நான் காசை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "கற்பூரம் அமரப் போகுதுங்க, போடுங்க போடுங்க" என்றார் பூசாரி. யாரோ என் முழங்கையைத் தாங்கி நகர்த்தினார்கள். காசு உண்டியலுக்குள் விழுந்தது. ஒரு சத்தம், அது உள்ளே போய்விட்டது.

பிறகு எல்லோரும் பேசிய பேச்சு என்ன தெரியுமா? "பெரிய மனசுங்க. தங்கச்சி பண்ணுனதை மன்னிச்சுட்டாரு." "சாகறதுக்குள்ள மன்னிக்கோணும்னு தோணுச்சு பாரு, அதுதான் மனுசன்." ஒரு கிழவி என் கன்னத்தைத் தடவி, "இனி மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே சாமி, அதான் அண்ணனே உட்டுட்டாரே" என்றாள். அத்தனை வருடம் நான் சந்தேகத் திருடி. அன்றைக்குக் கற்பூரம் சாட்சியாக மன்னிக்கப்பட்ட திருடி ஆனேன். சந்தேகத்தில் பாதி பேர் எனக்காகப் பேசவாவது செய்தார்கள். மன்னித்தபிறகு யார் பேசுவார்கள்?

ஒரே சொம்பில் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். மறுத்தால், மன்னித்தும் திமிர் போகவில்லை என்பார்கள்.

மாசி முடிவதற்குள் அண்ணன் போய்விட்டார். இப்போது போக்குவரத்து உண்டு அல்லவா, போனேன். நெற்றியில் ஒரு ரூபாய் வைத்திருந்தார்கள். கைப் படம் போட்ட காசு ஒன்று நடுவில் வந்ததே, ஒரு ரூபாய் என்பதற்குக் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டுகிற கை, அது. எழுத்துத் தெரியாதவர்களுக்காக அப்படிப் போட்டார்களாம். அந்தப் பிணத்தின் நெற்றியில் அந்த விரல், எல்லாம் சரி, எல்லாம் சரி என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. நான் கிட்டப் போய் அதைச் சிங்கம் மேலே வருகிற மாதிரித் திருப்பி வைத்தேன். "அத்தை எதுக்குங்க திருப்பறீங்க?" என்றாள் அண்ணன் மருமகள். "இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

காரியம் முடிந்தபிறகு அண்ணன் மகனைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆசாரி, பாலம், கல், எல்லாம். அவன் பொறுமையாகக் கேட்டான். நல்ல பையன்தான். கேட்டுவிட்டு, "அத்தை, அப்பா போயிட்டாருங்க. இனி அவரா வந்து ஆமாம்னு சொல்லப் போறாரு? செத்தவரு மேல போட்டா நல்லா இருக்குமுங்களா? உங்களுக்குத்தான் அசிங்கம்" என்றான்.

வரும்போது காரில் என் மகனிடம் சொன்னேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "சரி உடுங்கம்மா. அதான் தீந்துபோச்சே" என்றான். நம்பினான் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை.

அதனால்தான் எழுதினேன். வாயால் சொன்னால், கிழவி அண்ணன் செத்தபிறகு கதை கட்டுகிறாள் என்பார்கள். எழுதினாலும் அதைத்தான் சொல்வார்கள், தெரியும். ஆனாலும் வாயால் சொன்னதை நடுவில் புகுந்து நிறுத்தலாம், இதை நிறுத்த முடியாது. நான் திருடவில்லை. எனக்கு யாருடைய மன்னிப்பும் தேவையாக இருந்ததில்லை.

என் பெரிய மகனின் மகள் இப்போது வீட்டில் இருக்கிறாள். நோட்டை அவள் கையில் கொடுத்திருக்கிறேன். "எழுத்தெல்லாம் தப்புத் தப்பா இருக்குதுங்க அப்பத்தா, திருத்தட்டுங்களா?" என்று கேட்கிறாள்.

திருத்துவதை அப்புறம் பார்க்கலாம் கண்ணு. இங்கே அறைக்குள் வேண்டாம், நடு ஊட்டுக்கு வா. உங்கப்பன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான், எழுந்து போக மாட்டான். டிவியை நிறுத்து. முதல் வரியிலிருந்து, ஒன்றையும் விடாமல், சத்தமாகப் படி சாமி.